எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம்



பழம்பொருள் சேகரிப்பவர்களைப் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரைக்கு இவ்வளவு கடிதங்கள் வந்து குவியும் என்று அலுவலகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பாராட்டு ஒரு வரி, கேள்வி ஒரு பக்கம் என்ற அளவில்தான் பெரும்பாலான கடிதங்கள். பாட்டியின் வெற்றிலைச் செல்லம், ஊசி தேய்ந்த கிராமபோன், ஓட மறுக்கும் கைக்கடிகாரம் என்று பொருள்தான் மாறுகிறது, கேள்வி ஒன்றேதான். “என்ன விலை போகும்?”

அவற்றில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து வந்த கடிதம் ஒன்றை இந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். சைக்கிள் என்றால் எனக்குள்ள பலவீனம் நம் பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

“ஆசிரியர் ஐயாவுக்கு, நாங்கள் புதிதாக வாங்கிய வீட்டின் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு சைக்கிள் ஃப்ரேம் கிடந்தது. சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, சீட் இல்லை. முன் ஃபோர்க் மட்டும் இருக்கிறது. கரும்பச்சை நிறம். பெயர் எழுதியிருந்த இடத்தில் கடைசி மூன்று எழுத்துதான் மிச்சம். பழைய சாமான் எடுக்க வந்தவர் இருபது பவுண்டு தருகிறேன் என்றார். அவர் கேட்ட வேகத்தைப் பார்த்ததும் எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இது என்ன ஐயா, என்ன பெறும்?”

அந்தச் சந்தேகம் நம் ஊர்ச் சந்தேகம். வாங்குகிறவன் அவசரப்பட்டால் விற்கிறவன் நிதானிக்க வேண்டும் என்பது சந்தைப் பாடம். கடிதத்தோடு தெளிவான படங்களும் அளவுகளும் வந்திருந்ததால், ஆசிரியர் குழுவில் சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அபூர்வம் வேறு, மதிப்பு வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் பிரிட்டனில் ஊருக்கு ஒருவர் என்று சொல்லும்படி சிறிய ஃப்ரேம் கட்டுநர்கள் இருந்தார்கள். முன்னால் கடை, பின்னால் பட்டறை. உள்ளூர் சைக்கிள் கிளப் பையன்கள்தான் வாடிக்கையாளர்கள். வாரநாளில் வேலைக்குப் போகவும் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டவும் அதே வண்டிதான். அப்படிப்பட்ட கடையொன்று தன் ஆயுளில் சில நூறு ஃப்ரேம்களே கட்டியிருக்கலாம். அதில் ஒன்று உங்கள் கையில் இருந்தால் அது அபூர்வம்தான். ஆனால் அந்தப் பெயரைத் தேடி அலைகிறவர் யாரும் இல்லையென்றால் அந்த அபூர்வத்துக்குப் பணமில்லை. விலை என்பது பொருளின் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. அதைக் கேட்டு வருகிறவர்களின் எண்ணிக்கையாலும் வருகிறது.

சிறு பட்டறையாக இருந்தும் உலகமே கேட்டு வரும் பெயர்கள் உண்டு. வடலண்டன் டாட்டன்ஹாமில் செவன் சிஸ்டர்ஸ் சாலையில் கடை வைத்திருந்தவர் ஹைமன் ஹெட்சின், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர். அவர் கடையின் ஹெட்சின்ஸ் ஃப்ரேம்களைக் கட்டியவர் ஜாக் டென்னி. குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் இரும்பு உறையை ‘லக்’ என்பார்கள். ஹெட்சின்ஸ் லக்குகளில் கொடியும் சுருளுமாக அரத்தாலேயே கோலம் போட்டிருப்பார்கள். பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்களும் நேராக இல்லாமல் நெளிந்து போகும். பிராட்ஃபோர்டில் பெய்ன்ஸ் சகோதரர்கள் 1930களில் கட்டிய ஃப்ரேமில் சீட் குழாய் செங்குத்தாக நிற்கும். பார்ப்பதற்குத் தோட்டத்துக் கதவு போல் இருந்ததால் ‘பறக்கும் கதவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இவற்றில் பெயர் அழிந்து போனாலும் கவலையில்லை. உருவமே கையெழுத்து.

நம் லெஸ்டர் வாசகரின் ஃப்ரேம் அப்படியில்லை. நேரான குழாய்கள், அடக்கமான லக்குகள். அப்படியானால் எழுத்தை வைத்துப் பிடிக்கலாமா என்றால், அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். குழாயில் எழுதியிருக்கும் பெயர் கட்டியவரின் பெயராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அந்த வண்டியில் எழுதியிருந்த பெயர் ‘வின்ட்சர்’, ஒரு மெக்சிகோ நிறுவனம். கட்டியவர் இத்தாலியின் எர்னஸ்டோ கொல்னாகோ. உலகப் புகழ் பெற்ற வண்டிக்கே இந்தக் கதி என்றால், தெருமுனைக் கடையின் பெயரை எப்படி நம்புவது? பிரிட்டனிலும் பல கடைகள் வேறு பட்டறையில் ஃப்ரேம் கட்டி வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்றன.

பெயர் ஒன்றே இருந்து கை மாறிய கதையும் உண்டு. லண்டனின் கிளாட் பட்லர் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர். 1956இல் நொடித்துப் போனார். பிறகு ஹோல்ட்ஸ்வொர்த் நிறுவனம் அந்தப் பெயரை வாங்கித் தொடர்ந்து வண்டி விற்றது. இன்று கிளாட் பட்லர் என்றதும் சேகரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, “முன்னதா, பின்னதா?” என்பதுதான்.

ராலே நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. 1980இல் யோப் ஸூட்டெமெல்க், டி.ஐ.-ராலே அணிக்காக ஓட்டி டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் நிறத்தில் அந்த அணியின் வண்டிகள் இல்கெஸ்டன் என்ற சிற்றூரில் இருந்த தனிப் பட்டறையில் கட்டப்பட்டன. அதே நிறத்தைப் பூசிச் சாதாரண ராலே வண்டிகளையும் பொதுமக்களுக்கு விற்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இல்கெஸ்டனில் பிறந்ததன் மீது ‘எஸ்.பி.’ என்று தொடங்கும் எண் குத்தியிருக்கும். அந்த இரண்டு எழுத்துக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையே வேறு.

ஆகவே பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு இரும்பைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது குழாயை.

பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ். மெல்லிய குழாய் வேண்டும், ஆனால் பற்றவைக்கும் இடத்தில் அது பலவீனமாகிவிடக் கூடாது என்பது அந்தக் கால சைக்கிள்காரர்களின் தலைவலி. முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லிசாகவும், வெளியே பார்த்தால் ஒரே சுற்றளவாகவும் குழாய் இழுக்கும் முறைக்கு அவர் 1897இல் காப்புரிமை பெற்றார். ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய்தான் புகழ்பெற்ற ‘ரெனால்ட்ஸ் 531’. சைக்கிளோடு நிற்கவில்லை அதன் பெருமை. 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப் காரின் முன்பக்கச் சட்டமும் 531 குழாயில் கட்டியதே.

சீட் குழாயில் 531 என்று ஸ்டிக்கர் இருந்தால் எல்லோருக்கும் முகம் மலர்கிறது. மலரட்டும், ஆனால் ஸ்டிக்கரில் உள்ள சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். மூன்று பெரிய குழாய்கள் மட்டும் 531, மற்றவை சாதாரண எஃகு என்று சொல்லும் ஸ்டிக்கர் ஒன்று. ஃபோர்க்கும் பின்குழாய்களும் சேர்த்து முழுவதும் 531 என்று சொல்லும் ஸ்டிக்கர் வேறு. போதாக்குறைக்கு, பழைய ஸ்டிக்கர்களை அச்சு அசலாகப் புதிதாய் அச்சடித்து விற்கிறார்கள். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அது உதவி; ஏமாற்ற நினைப்பவனுக்கும் அதே உதவி.

ஸ்டிக்கர் பொய் சொன்னாலும் வெர்னியர் காலிபர் பொய் சொல்லாது. சீட் கம்பி நுழையும் துளையின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். பிரிட்டிஷ், இத்தாலிய ஃப்ரேம்களில் சீட் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர். அதில் 27.2 மில்லிமீட்டர் சீட் கம்பி சரியாக உட்கார்ந்தால் குழாயின் சுவர் மெல்லிசு, அதாவது உயர்ந்த ரகம். 26.8 என்றால் ஒரே கனத்தில் இழுத்த குழாய், நடுத்தரம். அதற்கும் கீழே இறங்க இறங்கச் சுவர் தடிக்கிறது, வண்டி கனக்கிறது, விலை குறைகிறது. பிரெஞ்சு ஃப்ரேமை மட்டும் இந்தக் கணக்கில் போட்டு மட்டம் தட்டிவிடக் கூடாது. அவர்களுடைய குழாய் 28 மில்லிமீட்டர், அங்கே 26.4 கம்பி நுழைவதே நல்ல குழாய்க்கு அடையாளம். இன்னொன்று: சீட் போல்ட்டை முறுக்கி முறுக்கி வாய்ப்பகுதி நெளிந்திருக்கும். பிளவுக்குக் கீழே இறக்கி அளக்க வேண்டும்.

இத்தாலியின் கொலம்பஸ் குழாய்க்கு இன்னொரு சோதனை உண்டு. ஃபோர்க்கைக் கழற்றி அதன் மேல்தண்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பந்தய ரகக் குழாயானால் உள்சுவரில் சுருள் சுருளாக ஐந்து வரம்புகள் ஓடும். தண்டின் வெளிப்புறத்தில் புறா முத்திரை குத்தியிருக்கும். பெயின்ட் எத்தனை முறை மாறினாலும் அந்தப் புறா பறந்துவிடாது.

லெஸ்டர் வாசகர் அளந்து அனுப்பிய எண் 27.2. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அடுத்தது பெடல் அச்சு நுழையும் பாட்டம் பிராக்கெட். ஃப்ரேமைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பாதி வரலாறு அங்கேதான் இருக்கும். அந்த உருளையின் அகலமும் மரையும் எந்த நாட்டு வண்டி என்பதைச் சொல்லிவிடும். பிரிட்டிஷ் முறையில் அகலம் 68 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை, செயின் இருக்கும் வலது பக்கத்தில் இடது மரை. இத்தாலியில் அகலம் 70, துளை 36 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் வலது மரை. பிரெஞ்சு முறையில் 35 மில்லிமீட்டர் துளை, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மரை, இரண்டு பக்கமும் வலது. சுவிஸ் முறையில் அளவு பிரெஞ்சுதான். வலது பக்கம் மட்டும் இடது மரை. ராலே தொழிற்சாலை தனக்கென்று அங்குலத்துக்கு 26 மரை வைத்துக்கொண்டது. இதெல்லாம் வெறும் புள்ளிவிவரம் என்று நினைக்க வேண்டாம். சுவிஸ் மரைக்குக் கப் தேடி அலைந்தவருக்கு அதன் அருமை தெரியும். உதிரிப்பாகம் கிடைக்காத ஃப்ரேமுக்கு ஓட்டுகிறவர் தரும் விலை குறைவு.

வாசகரின் ஃப்ரேமில் 68 அகலம், 24 மரை, வலப்புறம் இடது மரை. பிரிட்டிஷ் முறைதான், ராலே தொழிற்சாலைச் சரக்கு இல்லை. உருளையின் அடியில் மூன்று இலக்க எண். எண் சிறியதாக இருந்தால் வண்டி பழையது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பொது விதி கிடையாது. சிலர் தொடர் எண் போட்டார்கள், சிலர் ஆண்டைச் சேர்த்தார்கள், சிலர் ஆர்டர் புத்தக எண்ணையே குத்தினார்கள். கட்டியவர் யாரென்று தெரிந்த பிறகுதான் எண்ணுக்குப் பொருள் வரும். இருந்தாலும் ஒரு பயன் உடனே உண்டு. ஃபோர்க்கின் மேல்தண்டிலும் அதே எண் இருந்தால் இரண்டும் உடன்பிறப்பு. வேறு ஃபோர்க் மாட்டிய ஃப்ரேமின் மதிப்பு நன்றாக இறங்கிவிடும்.

பின்சக்கரம் உட்காரும் கவ்விகளைப் பாருங்கள். தகட்டை வெட்டிச் செய்ததா, அடித்து உருவாக்கிய உருக்கா? தகடு என்றால் எல்லா இடத்திலும் ஒரே கனம், கூரான விளிம்பு, மலிவு வண்டி. அடித்து உருவாக்கியதில் மேடு பள்ளம் தெரியும். கம்பன்யோலோ, சிம்ப்ளெக்ஸ், ஸ்யூஸ் என்று செய்தவர் பெயரும் பதிந்திருக்கும். கியர் மாட்டும் காது கவ்வியோடு சேர்ந்தே இருந்தால் முதலிலிருந்தே கியர் வண்டியாகக் கட்டியது. இரண்டு கவ்விக்கும் நடுவில் உள்ள இடைவெளியே காலத்தைச் சொல்லும். ஐந்து பல்சக்கரக் காலத்தில் 120 மில்லிமீட்டர், ஆறு ஏழு பல்சக்கரம் வந்தபோது 126, எட்டு வந்தபின் 130. இடையில் யாராவது இழுத்து விரித்திருக்கலாம். அதனால் மற்றச் சான்றுகளோடு சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். பிரேக் கேபிள், கியர் லீவர், தண்ணீர் புட்டி ஆகியவற்றுக்குத் தாங்கிகளைக் குழாயிலேயே பற்றவைத்திருக்கிறார்களா என்பது இன்னொரு சான்று. முன்பு பலவற்றைக் கிளிப் போட்டுத்தான் மாட்டினார்கள். 1970களின் பிற்பகுதியில் எல்லாம் குழாயோடு சேர்ந்துவிட்டன.

கடைசியாகக் கைவேலை. லக்கின் விளிம்பு குழாயைத் தொடும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நல்ல கட்டுநர் அந்த விளிம்பை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கியிருப்பார், நகம் தடுக்காது. பித்தளை உருகி வழிந்து கட்டி கட்டியாக நிற்காது, இடைவெளியும் இருக்காது. லக்கின் முனை குழாயின் நடுக்கோட்டில் நேராக நிற்கும். அவசரத்தில் கட்டிய வண்டியில் லக் தடியாக, வார்த்து எடுத்தது எடுத்தபடி இருக்கும். பெயரே இல்லாத ஒரு ஃப்ரேமைக் கையில் எடுத்ததும் “இது நல்ல கை” என்று பழக்கப்பட்டவர் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஃப்ரேம் அடிபட்டிருந்தால் எல்லாம் வீண். முன்னால் எதிலாவது மோதிய வண்டியில், தலைக்குழாயை ஒட்டிக் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு புடைப்பு இருக்கும். கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. பின்பக்கம் கோட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். ஒரு பின்கவ்வியில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து அடுத்த கவ்வியில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நல்லது. பாட்டம் பிராக்கெட்டின் உட்புறம் துருவுக்குப் பிடித்த இடம். மழைநீர் இறங்கித் தங்குவது அங்கேதான். எஃகுக் குழாய்க்குள் அலுமினியச் சீட் கம்பி ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிப்போயிருந்தால் அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். வாங்குகிறவர் அதையும் விலையில் கழித்துக்கொள்வார்.

இப்போது லெஸ்டர் கொட்டகையின் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். 27.2 துளை, மெல்லிய குழாய். கம்பன்யோலோ பின்கவ்வி, மட்கார்டு மாட்டும் கண்களோடு. 120 மில்லிமீட்டர் இடைவெளி. காற்றடிக்கும் பம்ப்பைப் பிடிக்க இரண்டு சிறு முளைகள், ஃபோர்க்கில் விளக்குத் தாங்கி. கேபிளுக்கோ புட்டிக்கோ தாங்கி எதுவும் இல்லை. நன்றாகத் தேய்த்த லக். ஃபோர்க்கிலும் அதே எண். புடைப்பு இல்லை, நூல் சோதனையில் தேறிவிட்டது. வாரநாளில் மட்கார்டும் விளக்குமாய் வேலைக்குப் போய், ஞாயிறன்று அவற்றைக் கழற்றிவிட்டுப் பந்தயம் ஓட்டிய ஒரு கிளப் வண்டி. 1950களின் நடுவிலிருந்து 1960களின் நடுவுக்குள் ஒரு சிறு கடையில் கட்டியது என்பது எங்கள் கணிப்பு.

கடை எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பிரிட்டனில் 1955இல் தொடங்கிய வெட்டரன்-சைக்கிள் கிளப்பில், ஒவ்வொரு பழைய பெயருக்கும் அதையே ஆராயும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். வாரிக் பல்கலைக்கழகத்தில் தேசிய சைக்கிள் ஆவணக் காப்பகம் உள்ளது. 1891இல் தொடங்கிய ‘சைக்ளிங்’ வார இதழின் பழைய விளம்பரங்களில் மறைந்துபோன கடைகளின் பெயரும் முகவரியும் கிடைக்கும். உள்ளூர் நூலகத்தில் அந்தக் கால வணிகக் கையேடுகளைப் புரட்டி, அந்த மூன்று எழுத்தில் முடியும் சைக்கிள் கடை எது என்று பார்த்தாலே பாதி வேலை முடியும். அரை நாள் செலவழித்தால் பெயர் கிடைக்கலாம். பெயர் கிடைத்தால் அந்த ஊர்க்காரர் ஒருவர், அந்தக் கடையில் சிறுவயதில் கண்ணாடி வழியே பார்த்து ஏங்கியவர், கூடுதலாகக் கொடுக்க முன்வரலாம்.

சரி, விலை? விற்கக் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அடுத்தது அளவு. 54 முதல் 58 சென்டிமீட்டர் வரை உள்ள ஃப்ரேம்களுக்குத்தான் கிராக்கி. 64 சென்டிமீட்டர் ஃப்ரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கேற்ற உயரமுள்ள மனிதர் வர வேண்டும். நம் வாசகரின் ஃப்ரேம் 23 அங்குலம், அதாவது 58 சென்டிமீட்டர், தப்பித்தது. பெரிய பெயர் இல்லை, சுருள் லக் இல்லை, பந்தய வரலாறு இல்லை. நல்ல குழாய், நல்ல கை, அடிபடாத உடம்பு, உடன்பிறந்த ஃபோர்க் எல்லாம் உண்டு. எங்கள் தீர்ப்பு: நூறிலிருந்து இருநூறு பவுண்டுக்குள். இருபது பவுண்டுக்குக் கொடுக்காதது புத்திசாலித்தனம். வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று கனவு கண்டிருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளையும் அவருக்கு எழுதியிருக்கிறேன்: பெயின்டைச் சுரண்டாதீர்கள். உப்புத்தாளைக் கையில் எடுத்தால் முதலில் போவது அந்த மூன்று எழுத்து. பழைய பிரிட்டிஷ் கிளப் ஃப்ரேம்களை அந்தக் காலத்திலேயே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பெயின்ட் அடித்துக்கொண்டார்கள். அதனால் கீறலோடும் மங்கலோடும் முதல் பூச்சு தப்பியிருப்பதே இன்று விலை. புதிதாகப் பெயின்டும் முலாமும் போட ஆகும் செலவு இந்த ரக ஃப்ரேமின் மதிப்பையே தாண்டிவிடும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, துரு தெரியும் இடத்தில் லேசாக எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

“இதெல்லாம் சீமைக் கதை, எங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கும் தாத்தா வண்டிக்கு வழி சொல்லுங்கள்” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. டி.ஐ.-ராலே என்ற பெயரில் வரும் டி.ஐ., அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் பெயரில் வரும் அதே டி.ஐ.தான். பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் முருகப்பா குழுமத்தோடு கைகோத்து 1949இல் சென்னையில் தொடங்கியது அது. ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனமும் ஒரு காலத்தில் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பத்தில் இருந்ததே. டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த நம் ஊர் ஹெர்குலிஸ் வண்டிகள் பாரம் ஏற்றப் பிறந்தவை, குழாய் கனம். பந்தய வண்டிக்கான அளவுகோலை வைத்து அவற்றை எடைபோடக் கூடாது. ஏராளமாக விற்றவை என்பதால் வெறும் ஃப்ரேமுக்குப் பெரிய விலை இராது. முழுமைக்குத்தான் அங்கே மதிப்பு. தலைக்குழாயின் பித்தளை முத்திரை, முழு செயின் கவர், டைனமோ விளக்கு, புரூக்ஸ் தோல் சீட் எல்லாம் வண்டியோடு வந்தவையே என்றால் கேட்டு வருவார்கள். மூன்று கியர் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் இருந்தால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். ஹப் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் அதிலேயே குத்தியிருக்கும். சக்கரம் மாறியிருக்காவிட்டால் வண்டியின் வயதும் ஏறக்குறைய அதுதான்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டைக் காலி செய்யும்போதும் இடித்துக் கட்டும்போதும் முதலில் காயலான் கடைக்குப் போவது பழைய சைக்கிள்தான். எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். எண் இருந்தால் எழுதிவையுங்கள். முத்திரை, கவ்வி, லக் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். யாருடைய வண்டி, எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கியது, யார் ஓட்டியது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு நான்கு வரி எழுதிச் சேர்த்துவையுங்கள். சேகரிப்பாளர் அந்த நான்கு வரிக்கும் சேர்த்தே விலை தருவார்; அவர் தராவிட்டாலும் அது உங்கள் குடும்பத்துக்குச் சொத்து.

படங்களையும் அந்த வரிகளையும் எங்களுக்கு அனுப்புங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டு, முடிந்தவரை பதில் சொல்கிறோம். ஒரே நிபந்தனை: கடிதத்தின் முதல் வரி “என்ன விலை போகும்?” என்று இருக்க வேண்டாம். “இது யார் செய்தது?” என்று தொடங்குங்கள். அதற்கு விடை தெரிந்துவிட்டால் விலையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்